பதின்மூன்றாவது ஆள்

1

என் பையன் வியன்னாவிலிருந்து சென்னைக்குக் குடிபோய் இந்த மாதத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. சரியாகத்தான் படிக்கிறீர்கள், இங்கிருந்து அங்கே. ஊரில் அவனவன் இருப்பதை விற்று, ஏஜென்டிடம் ஏமாந்து, எப்படியாவது இந்தப் பக்கம் வரத் துடிக்கும்போது, என் பிள்ளை இரண்டு பெட்டிகளை உருட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போனான். ஏர்போர்ட்டில் என் கணவர் அழுதார். நான் அழவில்லை. கோபமாக இருக்கும்போது எனக்கு அழுகை வராது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். காலையில் உப்பில்லாத சூப், மதியம் மசித்த உருளைக்கிழங்கு, சாயங்காலம் மறுபடியும் சூப். கூட வேலை செய்யும் பெண்கள் இருவரும் நல்லவர்கள். போன வாரம் ஒருத்தி, "உன் பையன் எப்போது வீட்டுக்கு வருவான்?" என்று கேட்டாள். "அவனுக்கு விசா வேண்டும்" என்றேன். "உனக்கு வேண்டுமா, சென்னைக்குப் போக?" என்றாள். "இல்லை, அவனுக்கு, இங்கே வர" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, என் ஜெர்மன் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷமாக இந்த மொழியைப் பேசுகிறேன். முதல் வருஷம் மேனேஜரை 'நீ' என்றும் பாத்திரம் கழுவுகிறவனை 'நீங்கள்' என்றும் கூப்பிட்டவள்தான். ஆனால் அன்று நான் சொன்ன வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

வியன்னாவில் பிறந்தவன், வியன்னாவில் பள்ளிக்கூடம் போனவன், வியன்னாவுக்கு வர விசா கேட்டு நிற்க வேண்டும். காரணம் கூடைப்பந்து.

2

நான் பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டுக்காரி. என் தம்பி சேகர் இன்னமும் அங்கேதான், மீன் கடைகளுக்கு ஐஸ் போடுகிறான். என் கணவர் நங்கநல்லூர். சமையல்காரராக இந்த ஊர் ரெஸ்டாரண்ட் ஒன்றுக்கு வந்தார், பின்னாலேயே நான் வந்தேன். தினேஷ் இங்கே பிறந்தான். அவனுக்குப் பத்து வயதானபோது மூவரும் ஆஸ்திரியக் குடிமக்கள் ஆனோம். இந்திய பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முத்திரை குத்தித் திருப்பித் தந்தார்கள். அன்றைக்கு வீட்டில் பிரியாணி.

பையன் வளர்ந்தான் என்றால் அப்படி வளர்ந்தான். பதினாறு வயதில் கதவில் குனிந்து நுழைந்தான். இந்த ஊர்ப் பார்க்குகளில் கம்பிவலை அடித்த கூண்டு மாதிரி ஒரு மைதானம் இருக்கும். உள்ளே துருக்கிப் பிள்ளைகளும் செர்பியப் பிள்ளைகளும் பந்தடிப்பார்கள். இவனும் அங்கேயே கிடந்தான். பத்தொன்பது வயதில் மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் கிளப் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. பந்து விளையாடச் சம்பளம் என்று நான் சொன்னபோது சேகர் நம்பவே இல்லை.

அவனை ஏன் எடுத்தார்கள் என்பதை கிளப் மேனேஜரே சிரித்துக்கொண்டு சொன்னார். இந்த லீக்கில் ஒவ்வொரு அணியிலும் இத்தனை பேர் உள்நாட்டு பாஸ்போர்ட்காரர்களாக இருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கு அமெரிக்கர்களைக் கொண்டுவருவார்கள், ஆட்டத்தை ஜெயிப்பது அவர்கள்தான். "உன் முதல் திறமை உன் பாஸ்போர்ட், இரண்டாவது உன் உயரம்" என்றார். தினேஷும் சேர்ந்து சிரித்தான். எனக்கு அந்த ஆளை அந்த இடத்திலேயே பிடிக்காமல் போயிற்று. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. இதை எழுதும்போது, இந்தக் கதையில் என் பையனிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது.

ஆஸ்திரிய தேசிய அணிக்கு அவன் தேவைப்படவில்லை. ஜூனியரில் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

3

தமிழ் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் சிரிப்பார்கள் என்று, புத்தகத் தமிழாகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். விளைவு, பட்டினப்பாக்கத்தில் போய் இறங்கினவன், "மாமா, தயவுசெய்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் தாருங்கள்" என்றான். சேகருடைய கூட்டாளிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "இன்னா சேகரு, உங்க அக்கா புள்ள செய்தி வாசிக்கிறான்?"

அவனுக்கு இருபத்துமூன்று வயது. கோடை லீவில் நானும் அவனும் போயிருந்தோம். நந்தனம் பக்கத்து மைதானம் ஒன்றில் சாயங்கால டோர்னமென்ட் நடந்தது. சேகருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக இவனை கெஸ்ட்டாக இறக்கினார்கள். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ள, கிளப்பில் பெஞ்சிலேயே உட்கார்ந்து பழகிய என் பிள்ளை அன்று முழு ஆட்டமும் ஆடினான். கூட்டம் விசில் அடித்தது. ஆட்டம் முடிந்ததும் தெரியாதவர்கள் எல்லாம் முதுகில் தட்டினார்கள். பிறந்ததிலிருந்து அவனை யாராவது ஒருவர், "சரி, நீ உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அன்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போச்சு என்று அப்போதே நினைத்தேன்.

அகில இந்தியக் கூடைப்பந்துச் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கும் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. கையில் அவரே டீ வாங்கி வந்திருந்தார்.

"தம்பி, உங்கள மாதிரி ஹைட்டு, ஐரோப்பாவுல ஆடுன அனுபவம்... நம்ம டீமுக்கு இதுதான் வேணும். இந்திய பாஸ்போர்ட் மட்டும் எடுத்துட்டு வாங்க. மத்ததெல்லாம் நான் இருக்கேன், பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுக் கை கொடுத்தார்.

இங்கே என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நம் ஊரில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கல்யாண மண்டபம், ரேஷன் கார்டு, வேலை, எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம். அது வாக்கு இல்லை, மரியாதை. கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், இரண்டு பேரும் நிம்மதியாகக் கலைந்து போவார்கள். என் பையன் வளர்ந்த ஊரில் இல்லை என்பதைக் காகிதத்தில் அச்சடித்து, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்றும் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். ஆனால் ஆமாம் என்று சொல்லிக் கை கொடுத்தால், அது நடந்தே தீரும்.

வரும் வழியில் ஆட்டோவில் சொன்னேன். "டேய், அது சும்மா பேச்சு."

"அவர் கை கொடுத்தார் அம்மா" என்றான்.

4

சட்டம் இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தது. இந்தியாவுக்கு ஆட இந்திய பாஸ்போர்ட் வேண்டும், வெளிநாட்டு இந்தியர் அட்டை எல்லாம் செல்லாது. இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் முதலில் ஒரு வருஷம் அங்கேயே குடியிருந்து, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்த நிமிஷத்தில் ஆஸ்திரியக் குடியுரிமை தானாகப் போய்விடும். இதையெல்லாம் என் கணவர் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்துக் காட்டினார்.  தினேஷ் கேட்டுக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

கிளப்பில் அந்த வருஷம் ஒப்பந்தம் முடிந்திருந்தது. புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். தேசிய அணிக்கு ஆடிவிட்டு வருகிறேன் என்றான். "இந்திய பாஸ்போர்ட்டோடு வந்தால் நீ எங்களுக்கு வெளிநாட்டுக்காரன். வெளிநாட்டுக்காரன் இடத்துக்கு நான் ஏன் உன்னை எடுக்க வேண்டும்?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்வி. அதற்கு இவன் என்ன சொன்னான் தெரியுமா? "பாத்துக்கலாம்" என்பதை ஜெர்மனில் சொல்லியிருக்கிறான்.

போனான். சேகர் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்கு வெளியே கால் நீண்டதால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். காலையில் நந்தனத்தில் பயிற்சி, சாயங்காலம் அடையாறில் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பான். பாஸ்போர்ட் வரும்வரை பெரிய போட்டிகளில் ஆட முடியாது. இருபத்துநாலு, இருபத்தைந்து, கூடைப்பந்துக்காரனுக்கு உடம்பு கேட்டதையெல்லாம் கொடுக்கும் வயது. அந்த வயதில் என் மகன் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

போனில் அவன் பேச்சு மாதாமாதம் மாறியது. 'எவ்வாறு இருக்கிறீர்கள்' போயிற்று. 'எப்படி இருக்க' போயிற்று. ஒரு நாள், "இன்னாம்மே, துன்னியா?" என்றான். நான் என் வாயிலிருந்து கழுவித் துடைத்து, ஒரு கடல் தாண்டி வந்து தொலைத்த பேச்சு, இவன் வாயில் மறுபடி குடியேறிவிட்டது. சிரித்தேன். போனை வைத்த பிறகு, கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினேன். எங்களை விட்டு விலகிப் போகும் பிள்ளைகளைப் பற்றி இங்குள்ள தமிழ்க்காரர்கள் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, பிள்ளை வெள்ளைக்காரனாகிவிட்டான் என்பார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் சொல்ல எதுவும் இருக்காது.

சேகர் ஒரு காரியம் செய்தான். இந்தியக் குடியுரிமை கிடைத்த வாரமே லூப் ரோட்டில் பேனர் வைத்துவிட்டான். நடுவில் தினேஷ், பின்னால் மூவர்ணக் கொடி, கீழே கூலிங் கிளாஸ் போட்ட பதினைந்து கூட்டாளிகள். 'இந்திய அணிக்கு ஆடும் எங்கள் பட்டினப்பாக்கத்துச் சிங்கமே.'

"இன்னும் டீம்லயே சேக்கலியேடா?" என்றேன்.

"அட இன்னாக்கா நீ, பாஸ்போட்டு வந்துச்சில்ல? அந்த ஆளு சொல்லிக்கீறாரு. முடிஞ்ச மாரி."

பேனர் மழையில் கிழிந்தது. இப்போது அதை ஐஸ் பெட்டிமேல் போட்டு மூடுகிறான்.

5

தேசிய முகாமுக்கு அழைத்தார்கள், அதுவரை உண்மை. அணியில் இடம் பன்னிரண்டு பேருக்கு, அழைத்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பஞ்சாபிலிருந்து, கேரளத்திலிருந்து, ராஜஸ்தானிலிருந்து வந்த பிள்ளைகள். அந்த இரண்டு வருஷமும் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவன் லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். முகாமின் கடைசி நாளில் பெயர்களைப் படித்தார்கள். பன்னிரண்டு பெயருக்குப் பிறகு, ஸ்டாண்ட்பை என்று சொல்லி இவன் பெயர்.

நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் அநியாயம் இல்லை. அவன் பதின்மூன்றாவது ஆள்தான். அவன் அம்மா நான், சொல்கிறேன்.

அநியாயம் அதற்குப் பிறகு. பாங்காக்கில் ஒரு கிளப் அவனை விசாரித்தது. அங்கே ஆசிய ஆட்டக்காரர் ஒருவருக்கு இடம் உண்டு. வீடு, சம்பளம், முழு சீசன். ஒரு நாட்டு ஆட்டக்காரன் இன்னொரு நாட்டு லீக்கில் ஆட வேண்டுமானால் சொந்த நாட்டுச் சங்கம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். ஒரு பக்கக் கடிதம். இவன் கேட்டான், வரவில்லை. மறுபடி கேட்டான். பாத்துக்கலாம். இங்கிருந்து நானே, அன்று கை கொடுத்த அந்தச் சங்கத்துப் பெரியவருக்கு போன் போட்டேன்.

"அம்மா, வணக்கம்மா. சொல்லுங்க. அவன் எங்க ஸ்டாண்ட்பை. நாளைக்கே ஒருத்தனுக்குக் கால் போச்சுன்னா நான் யாரக் கூப்புடுவேன்? இவன் பாங்காக்ல நின்னுட்டிருந்தா?"

"அப்ப டீம்ல சேத்துக்குங்க சார்."

"பன்னெண்டு பேர்தாம்மா ரூல். நான் என்ன பண்ண முடியும்?"

"அப்ப விட்டுடுங்க."

"எப்படிம்மா விடறது? நாடுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நாட்ட நான் பாத்துக்கறேன் சார், நீங்க லெட்டரக் குடுங்க."

சிரித்தார். உண்மையிலேயே ரசித்துச் சிரித்தார். "நல்லா பேசறீங்கம்மா" என்றார். கடிதம் வரவில்லை. பாங்காக் கிளப் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பிலிப்பைன்ஸ் பையனை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் தினேஷைக் கேட்டு யாரும் வரவில்லை.

"விடும்மே" என்றான் அவன். "இந்தியாவுக்கு ஸ்டாண்ட்பைன்னா சும்மாவா? ஒரு ஆளுக்கு அடிபட்டா நான்தான். எப்ப வேணா கூப்புடுவாங்க. ரெடியா இர்க்கணும்."

ரெடியாக இருந்தான். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான் என்று சேகர் சொன்னான்.

6

போன வாரம் அந்தப் பெரியவரிடமிருந்து எனக்கு போன். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"அம்மா, உங்க ஊருக்குத்தான் வந்திருக்கோம்!"

பெரிய போட்டி ஒன்றுக்கு முன்னால் பயிற்சி ஆட்டங்களுக்காக, வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இந்திய அணி தங்கியிருந்தது. பன்னிரண்டு பேர், கோச், இவர்.

"பசங்க இந்த ரொட்டியத் தின்னே வாடிப்போயிட்டானுங்க. நீங்க நம்ம ஆளு. உங்க வீட்டுக்காரர் வேற குக்குன்னு தினேஷ் சொன்னான். ஒரு வேளை நம்ம சாப்பாடு கெடைச்சா..."

போனை வைத்துவிட்டு என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். தினேஷிடம் சொன்னபோது அவன்தான், "செஞ்சு குடும்மே, நம்மளப் பத்தி நல்லதா நெனப்பாங்க" என்றான். அதனால் செய்தோம். என் கணவர் லீவு போட்டார். சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கோழிக் குழம்பு. முதியோர் இல்லத்திலிருந்து பெரிய டப்பாக்களைக் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை காலை நான் மட்டும் ரயிலேறினேன். என் கணவர் வரவில்லை, வந்தால் எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயந்தார்.

போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்க்க ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அந்த நீலச் சட்டையைத்தான் என் பிள்ளை போட்டிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, டப்பாக்களைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசிப் பகுதியில் நம் பையன் ஒருவன் குதித்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தான். அஷ்வின் என்று பெயர். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கத்தினான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? யாரோ பெற்ற பிள்ளை வலியில் துடிக்கிறான், கால் உடைந்திருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

மதியம் சாப்பாட்டு அறையில் பரிமாறினேன். பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள், ஆண்ட்டி, சூப்பர் ஆண்ட்டி என்றார்கள். டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அஷ்வினுக்கு ஒரு மாதம் கால் ஊன்றக் கூடாது. பெரியவர் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், அப்ப தினேஷக் கூப்புடுவீங்கல்ல?"

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"எங்கம்மா? அவனுக்கு விசாவே போடலியே. பன்னெண்டு பேருக்குத்தான் போட்டோம்."

"ஸ்டாண்ட்பைன்னு சொன்னீங்க."

"ஸ்டாண்ட்பைக்கெல்லாம் யாரும்மா விசா போடுவாங்க? இப்ப அப்ளை பண்ணாலும் போட்டி முடிஞ்சப்பறம்தான் வரும். பதினோரு பேரோட சமாளிச்சுக்கலாம்." தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். "அந்த உருளைக்கிழங்கு இன்னும் ரெண்டு வைங்கம்மா. அருமையா இருக்கு."

வைத்தேன். வேறு என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ தெரியாது. நானும் வீட்டுக்கு வந்து எவ்வளவோ யோசித்தேன். அப்போது கை தானாக வைத்துவிட்டது. பாங்காக்குக்கும் விடாமல், எந்த லீக்குக்கும் விடாமல், நாளைக்கே கூப்பிடுவோம் என்று கட்டிப்போட்டிருந்தார்களே, அந்த நாளை என்று ஒன்று அவர்கள் கணக்கிலேயே இருந்ததில்லை.

காலி டப்பாக்களோடு ஸ்டேஷனில் நின்றபோது போன் வந்தது. ஊரில் அப்போது சாயங்காலம். அவன் மூச்சு வாங்கப் பேசினான், மாடிப்படி ஏறி இறங்கியிருப்பான் போல.

"அம்மே, அஷ்வினுக்குக் கால் போய்டுச்சாமே? குரூப்ல போட்டுக்கீறானுங்க. பாவம்மே அவன், நல்ல பையன். நீ அங்கதான கீற? சாரு எதுனா சொன்னாரா? நான் பைய எடுத்து வெச்சிட்டேன். ஷூ, ஜட்டி, சாக்ஸ், எல்லாம். விசாலாம் அவங்களே பாத்துக்கலாம்னாங்க. மாமா ஆட்டோவுக்கு சொல்லிக்கினு கீறாரு."

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வந்திருந்தாலும் அவனிடம் ஏற்கெனவே போதுமான பேர் பேசியாகிவிட்டது.

"பையப் பிரிச்சிடுடா" என்றேன். "உனக்கு அவங்க விசாவே கேக்கல. எப்பவும் கேட்டதில்ல."

 போனில் அவனுக்குப் பின்னால் ஆட்டோ வந்து நிற்பது கேட்டது. அப்புறம் சேகரின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"இன்னாவாம்டா, எத்தினி மணிக்கு ஃப்ளைட்டாம்?"